வராத கதாநாயகனுக்குப் பதிலாக வந்தவர்: ‘அண்டர் வெஸ்டர்ன் ஸ்டார்ஸ்’ (1938) – ஒரு நிகழ்வு ஆய்வு

1938ஆம் ஆண்டு ஜனவரியில் ஹாலிவுட்டின் ரிபப்ளிக் பிக்சர்ஸ் நிறுவனத்தில் ஒரு படத்துக்கான கதை தயாராக இருந்தது. இயக்குநரும் நகைச்சுவை நடிகரும் முடிவாகியிருந்தார்கள். கதாநாயகன் மட்டும் படப்பிடிப்புக்கு வரவில்லை. அந்தக் கதாநாயகன், அன்றைய அமெரிக்காவின் சிறுநகரத் திரையரங்குகளில் அதிக வசூலைத் தந்துகொண்டிருந்த பாடும் கௌபாய் ஜீன் ஆட்ரி. ஏப்ரல் 20ஆம் தேதி படம் திரைக்கு வந்தபோது, அவர் இடத்தில் அதுவரை பெரும்பாலோர் கேள்விப்பட்டிராத ராய் ராஜர்ஸ் என்ற பெயர் இருந்தது. அடுத்த பதினைந்தாண்டுகளில் அமெரிக்கக் குழந்தைகள் பலர் தங்கள் மதிய உணவுப் பெட்டியில் வைத்துக்கொண்ட முகமாக அந்தப் பெயருக்குரியவர் மாறினார்.

இந்த நிகழ்வைப் பெரும்பாலும் ஓர் அதிர்ஷ்டக் கதையாகவே சொல்லிவருகிறார்கள்: ஏழை இளைஞன், பூட்டிய வாசல், தற்செயலாகக் கிடைத்த வாய்ப்பு. அந்தக் கதையில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அதை மட்டும் சொன்னால், ஒரு திரைப்படம் ஏன் இப்படி அமைந்தது என்பதற்கு விளக்கம் கிடைக்காது. வானொலியும் இசைத்தட்டும் சினிமாவோடு கைகோத்த வணிகம், திரையரங்குகளுக்குப் படம் விற்கப்பட்ட முறை, வறண்ட நிலத்தின் தண்ணீர் அரசியல் ஆகிய மூன்றும் சந்தித்த இடத்தில் பிறந்த படம் இது. துப்பாக்கி செய்ய வேண்டிய வேலையை ஒரு பாட்டு செய்வதுதான் இந்தப் படத்தின் நடுநாயகமான விஷயம் என்பதும், நடிகரைத் தேடாமல் பாடகரைத் தேடிய ஒரு நிறுவனத்தில்தான் அது சாத்தியமாயிற்று என்பதும் இந்த ஆய்வின் துணிபு.

வானொலியிலிருந்து வந்த வீரன்

பேசும்படம் வந்த புதிதிலேயே குதிரைவீரர்கள் திரையில் பாடத் தொடங்கிவிட்டார்கள். கென் மேனார்ட் போன்ற நட்சத்திரங்கள் படத்தில் ஓரிரு பாடல்களைப் பாடியதுண்டு. ஆனால் அவர்கள் அடிப்படையில் குதிரைச் சாகசக்காரர்கள். பாட்டு அவர்களுக்கு உபரி. ஆட்ரியின் கதை அப்படியே தலைகீழ். டெக்சாஸின் டயோகா என்ற சிற்றூரில் 1907இல் பிறந்து, ரயில்வேயில் தந்தி அடிக்கும் வேலை பார்த்தவர், 1931இல் ஒரு முதிய தந்தையைப் பற்றிய உருக்கமான பாடலைப் பதிவுசெய்து புகழ்பெற்றார். சிகாகோவின் டபிள்யூ.எல்.எஸ். வானொலியில் சனிக்கிழமை இரவுதோறும் ஒலித்த ‘நேஷனல் பார்ன் டான்ஸ்’ நிகழ்ச்சி அவர் குரலைப் பண்ணை வீடுகளுக்குள் கொண்டுபோயிற்று. அந்த வானொலியைத் தொடங்கியது அஞ்சல்வழி வணிகத்தில் கொடிகட்டிப் பறந்த சியர்ஸ் நிறுவனம். அதன் விலைப்பட்டியலிலேயே ஆட்ரியின் பெயர் பொறித்த கிதாரும் விற்பனைக்கு வந்தது. பாட்டைக் கேட்ட விவசாயி மகன் அந்தக் கிதாரையும் அஞ்சலில் வரவழைத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு, பின்னால் சினிமா கற்றுக்கொள்ளவிருந்த பாடத்தின் முன்மாதிரி.

இந்த இடத்தில் ஹெர்பர்ட் யேட்ஸ் என்ற முதலாளி நுழைகிறார். படச்சுருள்களைப் பதப்படுத்திப் பிரதியெடுக்கும் கன்சாலிடேட்டட் ஃபிலிம் இண்டஸ்ட்ரீஸ் அவருடையது. ஆட்ரியின் இசைத்தட்டுகளை வெளியிட்ட அமெரிக்கன் ரெக்கார்ட் கார்ப்பரேஷனும் அவர் பிடியில் இருந்தது. ஆய்வகத்துக்குக் கடன்பட்டிருந்த சிறுசிறு படநிறுவனங்களை ஒன்றாக இணைத்து 1935இல் அவர் உருவாக்கியதுதான் ரிபப்ளிக் பிக்சர்ஸ். எனவே ஆட்ரி திரைக்கு வந்ததைத் திறமை தேடும் முயற்சி என்று சொல்வதைவிட, ஒரு முதலாளி தன் ஒரு கடையின் சரக்கைத் தன் இன்னொரு கடையில் அடுக்கியது என்று சொல்வது பொருந்தும்.

முதல் சோதனை 1934இல், மேனார்ட் நடித்த ஒரு படத்தில் ஆட்ரிக்குக் கிடைத்த சிறு வேடம். அடுத்தது 1935இன் ‘தி ஃபேண்டம் எம்பயர்’ என்ற 12 பகுதித் தொடர்படம். பூமிக்கு அடியில் பல்லாயிரம் அடி ஆழத்தில் ஒரு நவீன சாம்ராஜ்யம், அதன் ராணி, கதிர்வீச்சு ஆயுதங்கள் என்று விரியும் அந்த வினோதத்தில், கதாநாயகன் அன்றாடம் பிற்பகல் வானொலி நிகழ்ச்சிக்குத் தவறாமல் மேலே வந்து பாடியாக வேண்டும். தவறினால் பண்ணை கைவிட்டுப் போய்விடும். பாதாள உலகத்திலிருந்து தப்பி, மைக் முன் நின்று, பாடி முடித்துவிட்டு மறுபடி ஆபத்துக்குள் குதிக்கும் ஆட்ரியைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க முடியாது. என்றாலும் அவருடைய உண்மையான தொழில் எது என்பதை அந்தத் திரைக்கதையைவிட நேர்மையாகச் சொன்ன படம் வேறில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் ஜோசப் கேன் இயக்கத்தில் வெளிவந்த ‘டம்ப்ளிங் டம்பிள்வீட்ஸ்’ படத்தோடு பாடும் கௌபாய் என்ற படவகை நிலைபெற்றது. அதன் தலைப்புப் பாடலை எழுதியவர் பாப் நோலன். அவர் பெயர் இந்தக் கதையில் மறுபடியும் வரும்.

தகராறு

படப்பிடிப்புக்கு வராமல் போகுமளவு ஆட்ரிக்கு நிறுவனத்தின்மேல் எழுந்த கோபத்துக்குச் சம்பளம் ஒரு காரணம். ஆனால் அதற்குச் சமமான இன்னொரு காரணமும் இருந்தது. ஊர் ஊராகச் சென்று திரையரங்கு மேடைகளில் நேரில் பாடுவது அவர் வழக்கம். அப்போது அரங்கு உரிமையாளர்கள் அவரிடம் ஒரு குறையைச் சொன்னார்கள். ஆட்ரி படம் வேண்டுமென்றால், ரிபப்ளிக் அந்த ஆண்டு தயாரிக்கும் மற்றப் படங்களையும் சேர்த்து, பார்க்காமலேயே வாங்க வேண்டும் என்று நிறுவனம் நிபந்தனை விதித்திருந்தது. மொத்தமாக விற்கும் இந்த முறை பெரிய நிறுவனங்கள் எல்லாம் கைக்கொண்ட முறைதான். ஆனால் இருநூறு முந்நூறு இருக்கைகள் கொண்ட சிறுநகர அரங்குக்காரருக்கு அது கழுத்தை நெரித்தது.

இதன் கணக்கைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் காட்டும் வழக்கம் பொருளாதார மந்தக் காலத்தில் பரவியிருந்தது. அந்த இரண்டில் கீழ்வரிசைப் படமாகவோ, சனிக்கிழமைப் பகல் காட்சிக்கென்றோதான் குறைந்த செலவுக் கௌபாய் படங்கள் வாங்கப்பட்டன. பெரிய படங்களுக்கு வசூலில் பங்கு. இவற்றுக்கோ நிலையான வாடகை. ஆகவே ஓர் ஆட்ரி படம் எவ்வளவு கூட்டம் சேர்த்தாலும் அந்தக் கூட்டத்தின் பலன் நிறுவனத்துக்கு நேராக வராது. அந்தப் பலனை வேறு வழியில் கறக்க நிறுவனம் கண்டுபிடித்த உபாயம்தான், ஓடுகிற குதிரையோடு ஓடாத குதிரைகளையும் சேர்த்துக் கட்டி விற்பது. தன் பெயரை வைத்துப் பிறர் படங்கள் விற்கப்படுவதும், தன்னை விரும்பி வாங்கும் அரங்குக்காரரே அதனால் நட்டப்படுவதும் ஆட்ரிக்குப் பொறுக்கவில்லை. பேச்சுவார்த்தை முறிந்தது, அவர் படப்பிடிப்புக்கு வராமல் மேடைப் பயணம் புறப்பட்டார். நிறுவனம் நீதிமன்றத்துக்குப் போய், ஒப்பந்தம் இருக்கும்வரை அவர் வேறெங்கும் பாடி நடித்துச் சம்பாதிக்கக் கூடாது என்று தடையாணை பெற்றது.

அந்தக் கோபத்தின் தர்க்கம் ஆட்ரி ஒருவருடையது மட்டுமல்ல. அதே 1938 ஜூலையில் அமெரிக்க அரசு எட்டுப் பெரிய படநிறுவனங்கள் மீது ஏகபோகத் தடைச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடர்ந்தது. மொத்த விற்பனை முறை அதன் முக்கியக் குற்றச்சாட்டுகளுள் ஒன்று. ரிபப்ளிக் அந்த எட்டில் இல்லை, அது அவ்வளவு பெரிய மீனும் இல்லை. அந்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வர 1948 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பதிலாள்

நிறுவனம் பதிலாளை ஆட்ரி வெளியேறிய பிறகு தேடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. 1937 அக்டோபர் 13ஆம் தேதியே வாரம் 75 டாலர் சம்பளத்தில் இன்னொரு பாடும் கௌபாயை அது ஒப்பந்தம் செய்து வைத்திருந்தது. ஆட்ரியோடு உரசல் முற்றிவருவதை உணர்ந்த முதலாளி, கைக்காவலாக ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தினார் என்றே இதைப் படிக்க வேண்டும்.

அவர் லெனர்ட் ஸ்லை, பின்னாளைய ராய் ராஜர்ஸ். 1911இல் ஒஹையோவின் சின்சினாட்டியில் பிறந்து, அதே மாநிலத்தின் டக் ரன் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். தந்தையோடு காலணித் தொழிற்சாலையில் வேலை செய்தார். மந்தக் காலத்தில் குடும்பத்தோடு கலிபோர்னியாவுக்கு வந்து, தோட்டங்களில் பீச் பழம் பறித்தார். மேற்கத்திய வீரனாக உலகம் கொண்டாடிய இந்த மனிதர் பிறப்பால் அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்காரர் அல்லர். 1933இல் அவரும் பாப் நோலனும் டிம் ஸ்பென்சரும் சேர்ந்து ஒரு மூவர் குழுவைத் தொடங்கினார்கள். பிடில் வாசிக்கும் ஹியூ ஃபார் சேர்ந்த பிறகு அது ‘சன்ஸ் ஆஃப் தி பயனியர்ஸ்’ ஆயிற்று; பின்னர் அவர் தம்பி, கிதார் கலைஞர் கார்ல் ஃபாரும் சேர்ந்தார். மூன்று குரல்கள் நெருங்கி இழைந்து ஒரே மூச்சில் ஏறி இறங்கும் அவர்களுடைய பாணி, மலைப்பகுதிகளிலிருந்து வந்த தனிக்குரல் பாட்டிலிருந்து வேறுபட்டது. திறந்த புல்வெளியின் இசை என்று இன்று நம் காதில் பதிந்திருப்பதில் பாதி இந்தக் குழுவின் கைவண்ணம்.

ஆட்ரியும் ஸ்லையும் ஒருவரையொருவர் அறியாதவர்களும் அல்லர். 1936இல் வந்த ‘தி ஓல்ட் காரல்’ என்ற ஆட்ரி படத்தில் ஸ்லைக்குச் சட்டத்துக்குப் புறம்பான ஒரு பாடகனின் வேடம். சண்டையில் ஆட்ரி அவரை வீழ்த்தி, துப்பாக்கி முனையில் பாட வைக்கிறார். பிற்பாடு நடந்ததைத் தெரிந்துகொண்டு அந்தக் காட்சியைப் பார்ப்பவர்களுக்கு அதில் ஒரு குறும்பான இன்பம் கிடைக்கும்.

ஒப்பந்தம் கிடைத்த விதம் பற்றி ராஜர்ஸே பலமுறை சொன்னது இது. கிளெண்டேலில் ஒரு தொப்பிக் கடையில் நின்றபோது, ரிபப்ளிக்கில் பாடும் கௌபாய்க்குக் குரல்தேர்வு நடப்பது காதில் விழுந்தது. மறுநாள் போனால் காவலாளி உள்ளே விடவில்லை. மதிய உணவு முடித்துத் திரும்பிய துணை நடிகர் கூட்டத்தோடு கலந்து நுழைந்துவிட்டார். தயாரிப்பாளர் சால் சீகல் அவரைப் பார்த்ததும் அடையாளம் கண்டு, கிதாரைக் கொண்டுவரச் சொன்னார். கதை சற்று மெருகேற்றப்பட்டிருக்கலாம்; ஆனால் சீகல் முதலில் கேட்டது பாட்டு என்பதுதான் நமக்கு முக்கியம். முதலில் டிக் வெஸ்டன் என்ற பெயரில் சில்லறை வேடங்கள் கொடுத்தார்கள். ஆட்ரி வராமல் போனதும் ராய் ராஜர்ஸ் என்று புதுப்பெயர் சூட்டிக் கதாநாயகன் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். குழு மட்டும் கூட வரவில்லை: சன்ஸ் ஆஃப் தி பயனியர்ஸ் கொலம்பியா நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில் இருந்ததால், ஸ்லை தனியாகப் பிரிந்து வர வேண்டியிருந்தது, 1941இல்தான் அவர்கள் ராஜர்ஸின் படங்களில் வந்து சேர்ந்தார்கள்.

ஆட்ரியின் அச்சு, ராஜர்ஸின் வார்ப்பு

‘வாஷிங்டன் கௌபாய்’ என்ற தலைப்பில் ஆட்ரிக்காகத் திட்டமிடப்பட்ட கதையே பெயர் மாறி ‘அண்டர் வெஸ்டர்ன் ஸ்டார்ஸ்’ ஆயிற்று. ஆட்ரியின் முதல் படங்களை இயக்கிய அதே ஜோசப் கேன்தான் இதற்கும் இயக்குநர். திரைக்கதையில் டாரல், ஸ்டூவர்ட் மெக்கவன் சகோதரர்களோடு பெட்டி பர்பிட்ஜும் பங்கேற்றார். ஆண்களின் கோட்டையாகக் கருதப்படும் இந்தப் படவகைக்கு ஒரு பெண் இத்தனை கதைகள் எழுதியிருப்பது தனியே ஆராய வேண்டிய செய்தி. ஆட்ரியின் வானொலிக் காலத்திலிருந்து கூடவே இருந்த அக்கார்டியன் கலைஞரும் நகைச்சுவை நடிகருமான ஸ்மைலி பர்னெட், ஆட்ரி படங்களில் வழக்கமாக ஏற்ற ஃப்ராக் மில்ஹவுஸ் என்ற பாத்திரத்தைப் பெயர்கூட மாற்றாமல் இந்தப் படத்துக்குக் கொண்டுவந்தார். நேஷனல் பார்ன் டான்ஸ் புகழ் மேப்பிள் சிட்டி ஃபோர் நால்வர் குழுவும் உண்டு. அதாவது ஆட்ரியைத் தவிர ஆட்ரி படத்துக்கு உரிய எல்லாமே இருந்தது. அச்சு இருக்கும்போது உலோகம் எதுவானால் என்ன என்று நிறுவனம் நினைத்தது வெளிப்படை.

புதிதாக வந்தது குதிரை. ஹட்கின்ஸ் லாயத்திலிருந்து வாடகைக்கு எடுக்கப்பட்ட பொன்னிறக் குதிரை, அதே ஆண்டின் ராபின் ஹுட் வண்ணப்படத்தில் நடிகை ஒலிவியா டி ஹாவிலண்டைச் சுமந்தது. ராஜர்ஸ் அதைத் தேர்ந்தெடுத்து, டிரிகர் என்று பெயரிட்டு, பின்னர் 2,500 டாலருக்குத் தவணை முறையில் தன் சொந்தக் காசில் வாங்கினார். அவர் முதலில் வாங்கிய வாரம் 75 டாலர் கணக்கில் அது எட்டு மாதச் சம்பளம். நிறுவனத்தின் உடைமையாக விடாமல் குதிரையைத் தன் பெயரில் வாங்கிக்கொண்ட அந்த முடிவில், சாதுவாகத் தோற்றமளித்த இந்த மனிதரின் வணிக அறிவு வெளிப்படுகிறது.

கதைச் சுருக்கம் இது. வறட்சியில் வாடும் மேய்ச்சல்காரர்களுக்குத் தண்ணீர் வேண்டும். அணையைக் கையில் வைத்திருக்கும் தண்ணீர் நிறுவனம் அதைக் காசுக்கு விற்கிறது. ராயும் நண்பர்களும் மதகுகளைத் திறந்துவிடுகிறார்கள். ராய் கைதாகிறார், பின்னர் நாடாளுமன்றத் தேர்தலில் நின்று வெல்கிறார், வாஷிங்டன் போய் இலவசத் தண்ணீருக்கான மசோதாவுக்கு ஆதரவு தேடுகிறார். கேரல் ஹியூஸ் நடித்த கதாநாயகி, தண்ணீர் நிறுவன உரிமையாளரின் மகள் எலினார். காதல் பகுதி வழக்கமான அளவில், வழக்கமான வேகத்தில் நடந்து முடிகிறது. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

மதகு

மதகு திறக்கும் காட்சியைப் படத்தின் கற்பனை என்று எளிதாகக் கடந்துவிடலாம். ஆனால் படம் எடுக்கப்பட்ட இடம் அப்படிக் கடக்க விடுவதில்லை. வெளிப்புறப் படப்பிடிப்பு கலிபோர்னியாவின் லோன் பைன் ஊரை ஒட்டிய அலபாமா ஹில்ஸில் நடந்தது. உருண்டு திரண்ட பழுப்புப் பாறைகளும், அவற்றுக்குப் பின்னால் பனிமூடிய சியரா நெவாடா மலைத்தொடரும் எண்ணற்ற கௌபாய் படங்களில் நாம் பார்த்துப் பழகியவை. அந்த ஊர் இருப்பது ஓவன்ஸ் பள்ளத்தாக்கில். அந்தப் பள்ளத்தாக்கின் ஆற்று நீரை 1913 முதல் 200 மைலுக்கு மேல் நீளும் கால்வாய் வழியாக லாஸ் ஏஞ்சலஸ் நகரம் எடுத்துச் செல்லத் தொடங்கியது. விளைநிலம் காய்ந்தது. 1924 நவம்பர் 16ஆம் தேதி உள்ளூர் விவசாயிகள் திரண்டு, அலபாமா ஹில்ஸ் பக்கத்திலேயே உள்ள அலபாமா கேட்ஸ் என்ற மதகைக் கைப்பற்றிக் கால்வாய் நீரைத் திறந்துவிட்டார்கள். நான்கு நாள் முற்றுகை ஒரு திருவிழாபோல நடந்தது. குடும்பங்கள் வந்து சமைத்துச் சாப்பிட்டன. அந்தச் சமயம் பக்கத்தில் படப்பிடிப்பில் இருந்த கௌபாய் நட்சத்திரம் டாம் மிக்ஸ், அங்கிருந்தவர்களை மகிழ்விக்கத் தம் இசைக் குழுவை அனுப்பி வைத்தார் என்பது அந்தப் பள்ளத்தாக்கு இன்றும் சொல்லும் வரலாறு.

படக்குழு இதை நினைத்துத்தான் அந்தக் காட்சியை எழுதியது என்று நான் வாதிடவில்லை; இடம் மலிவானது, பழகியது, ஒருநாள் பயணத் தொலைவு, அதனால் போனார்கள். ஆனால் வறண்ட மண்ணில் மதகு திறக்கும் கௌபாயை, உண்மையில் மதகு திறந்த மக்களின் ஊரிலேயே, அது நடந்து பதினான்கு ஆண்டுகளுக்குள் படம்பிடித்திருக்கிறார்கள். அந்த ஊர் அரங்கில் உட்கார்ந்து இதைப் பார்த்தவருக்கு இது கற்பனையாகத் தோன்றியிருக்க வழியில்லை.

‘டஸ்ட்’

படம் உயிர்பெறும் இடத்துக்கு இப்போது வருவோம். வாஷிங்டனில் புதிய உறுப்பினர் ராய் சொல்வதைக் கேட்க யாருக்கும் நேரமில்லை. அவர் ஒரு விருந்து ஏற்பாடு செய்கிறார். நல்ல உடையணிந்த ஆண்களும் பெண்களும் கூடியிருக்கும் அரங்கில் விளக்கணைகிறது. திரையில் புழுதி மூடிய நிலத்தின் காட்சிகள் ஓடுகின்றன. மணலில் புதைந்த வேலிகள், வெடித்த வயல், எலும்பெடுத்த மாடுகள். அந்தப் படங்களுக்கு மேல் ராய் பாடுகிறார். பாடலின் பெயர் ‘டஸ்ட்’, புழுதி.

1938இல் இந்தக் காட்சியைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. ஆண்டுக்கணக்கான வறட்சி, புல்லை உழுது கோதுமை விதைத்த பேராசை, காற்று ஆகியவை சேர்ந்து டெக்சாஸ், ஒக்லஹோமா, கன்சாஸ், கொலராடோ பகுதிகளின் மேல்மண்ணைச் சுருட்டிக்கொண்டு போயின. 1935 ஏப்ரல் 14ஆம் தேதியின் கரும்புயல் பட்டப்பகலை இருளாக்கியது. அந்த மண்ணிலிருந்து பெயர்ந்து கலிபோர்னியாவுக்கு வந்தவர்களோடு சேர்ந்துதான் ஸ்லையும் ஒரு காலத்தில் பழம் பறித்திருந்தார்.

கட்டமைப்பை உற்றுப் பாருங்கள். சாதாரண பாடும் கௌபாய் படத்தில் கதை ஒரு பக்கம் நிற்கும், பாட்டு ஒரு பக்கம் நிற்கும்: குதிரை மேல் ஒன்று, நெருப்பைச் சுற்றி ஒன்று, கதாநாயகிக்கு ஒன்று. பாட்டு முடிந்ததும் வில்லன் வருவான், எதுவும் மாறியிருக்காது. இந்தப் படத்தின் பிற பாடல்களும் பெரும்பாலும் அந்த வகைதான், தேர்தல் பிரசாரப் பாட்டு உட்பட. ‘டஸ்ட்’ மட்டும் வேறு. அது ஒரு வாக்குமூலம்; கேட்பவர்களின் முடிவை மாற்றுவதற்காகப் பாடப்படுகிறது. படத்துக்குள் ஒரு செய்திப்படம் ஓடுவதால், திரையில் இருக்கும் பார்வையாளர்களும் அரங்கில் இருக்கும் பார்வையாளர்களும் ஒரே துயரத்தை ஒரே நேரத்தில் பார்க்கிறார்கள். துப்பாக்கியும் குதிரை விரட்டலும் படத்தில் இல்லாமல் இல்லை. ஆனால் கதையைத் திருப்பும் இடத்தில் கிதார் நிற்கிறது. அரசு விரும்பினால் மக்களின் துயரத்தைத் தீர்க்க முடியும் என்ற அன்றைய அதிபர் ரூசவெல்ட் கால நம்பிக்கையைச் சொற்பொழிவு இல்லாமல் சொல்ல வேறு என்ன வழி இருந்திருக்கும் என்று தெரியவில்லை.

ராஜர்ஸின் குரலும் இங்கே கணக்கில் வருகிறது. ஆட்ரியின் குரல் நெருங்கிவந்து பேசும் குரல். மைக்குக்குப் பக்கத்தில் நின்று ஒருவருக்கு மட்டும் சொல்வதுபோல இருக்கும். ராஜர்ஸ் குழுப்பாடலில் வளர்ந்தவர். அவர் தொனி தெளிந்தது, சற்று உயர்ந்தது, தன்னை முன்னிறுத்தாதது. ஒரு ஊருக்காகப் பேச வந்தவனின் பாட்டுக்கு இது பொருந்துகிறது. ஆட்ரி இதைப் பாடியிருந்தால் இன்னும் உருக்கமாக இருந்திருக்கலாம். ஆனால் அது ஒரு மனிதனின் சோகமாகச் சுருங்கியிருக்கும் என்பது என் கணிப்பு.

பாடலை எழுதிய ஜானி மார்வின் ஆட்ரியின் நெருங்கிய நண்பர். நியூயார்க்கில் வாய்ப்புத் தேடிய இளம் ஆட்ரிக்குக் கைகொடுத்தவர்களுள் ஒருவர். ஆக, ஆட்ரியின் இடத்தை நிரப்ப வந்தவரை நிலைநிறுத்திய பாட்டும் ஆட்ரியின் வட்டத்திலிருந்தே வந்தது. சிறந்த பாடலுக்கான அகாடமி விருதுப் பரிந்துரைப் பட்டியலில் அது இடம்பெற்றது. 65 நிமிடம் ஓடும் குறைந்த செலவுக் கௌபாய் படத்துக்கு இது எளிதில் கிடைக்கும் மதிப்பு அன்று. விருது, பாப் ஹோப்பும் ஷெர்லி ராஸும் பாடிய ‘தேங்க்ஸ் ஃபார் தி மெமரி’க்குப் போயிற்று, அதற்கு எதிரே நின்று வெல்வது எந்தப் புழுதிப் பாட்டுக்கும் கடினம்.

யார் வென்றார்

படம் டல்லாஸில் முதலில் காட்டப்பட்டு, வழக்கமான கௌபாய் சந்தைக்கு வெளியேயும் கவனம் பெற்றது. நியூயார்க் டைம்ஸ் நாளேடும் அதற்கு விமர்சனம் எழுதியது. யேட்ஸின் கணக்கு பலித்தது என்று சொல்லத் தோன்றும். ஆனால் சில மாதங்களிலேயே நிறுவனம் ஆட்ரியோடு சமாதானம் செய்துகொண்டது. அந்தக் கோடையிலேயே அவர் புதுப்படத்தில் திரும்பினார். அச்சுதான் முக்கியம், ஆள் முக்கியமில்லை என்று உண்மையாகவே நம்பியிருந்தால் ஆட்ரியைத் திரும்ப அழைக்கத் தேவை இருந்திருக்காது. மறுபுறம், ராஜர்ஸும் அப்புறப்படுத்தப்படவில்லை. ஒரு பாடகரை வைத்து இன்னொரு பாடகரை அடக்கலாம் என்று தொடங்கிய நிறுவனத்துக்கு இரண்டு பாடகர்கள் மிஞ்சினார்கள். கறாராகப் பார்த்தால், ஏமாந்தது தலையைக் கொடுத்த அரங்குக்காரர்கள்தான். மொத்த விற்பனை அப்படியே தொடர்ந்தது.

சமாதானத்தின் விளைவைத் திரையில் காணலாம். பர்னெட் இன்னொரு ராஜர்ஸ் படத்தில் நடித்துவிட்டு ஆட்ரியிடமே திரும்பினார். இருவரும் மோதிக்கொள்ளாதபடி, கார், தொலைபேசி, வானொலி கலந்த சமகால மேற்கு ஆட்ரிக்கு ஒதுக்கப்பட்டது. ராஜர்ஸ் அடுத்த சில ஆண்டுகள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு வரலாற்றுக் கதைகளுக்கு அனுப்பப்பட்டார். அறிமுகப் படத்தில் நாடாளுமன்றத்துக்குப் போய்ப் புழுதியையும் தண்ணீரையும் பேசியவர், அதன்பின் நீண்ட காலம் பில்லி தி கிட் போன்ற பழங்கதைகளுக்குள் நடமாடினார். அந்த ஒதுக்கீடு நடக்காமல் இருந்திருந்தால், சமகாலத் துயரத்தைப் பாட்டில் சொல்லும் கௌபாய் என்ற ஒரு கிளை வளர்ந்திருக்கக்கூடும். திரையரங்கு உரிமையாளர்களிடையே ஆண்டுதோறும் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில் 1937 முதல் 1942 வரை ஆட்ரியே முதல் கௌபாய்; அவர் 1942இல் ராணுவ விமானப்படையில் சேர்ந்த பிறகு 1943 முதல் 1954 வரை ராஜர்ஸ்.

ராஜர்ஸ் ஆட்ரியின் தகராறிலிருந்து ஒரு பாடம் கற்றிருந்தார் என்பதற்கு அவருடைய 1940 ஒப்பந்தம் சான்று. சம்பள உயர்வை வற்புறுத்தாமல், தன் பெயரையும் முகத்தையும் பொருள்களில் பயன்படுத்தும் உரிமையைக் கேட்டு வாங்கினார். பொம்மைத் துப்பாக்கி, கடிகாரம், உணவுப் பெட்டி என்று விரிந்த அந்த வணிகம் அவருக்குப் படச் சம்பளத்தைவிடப் பெரிய செல்வத்தைத் தந்தது. 1951இல் ரிபப்ளிக் தன் பழைய படங்களைத் தொலைக்காட்சிக்கு விற்க முனைந்தபோது, விளம்பரதாரர் பொருளோடு தன் முகம் சேர்வதை அந்த உரிமை தடுக்கிறது என்று வழக்குத் தொடுத்துக் கீழ் நீதிமன்றத்தில் வென்றார். 1954இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. படங்கள் தொலைக்காட்சிக்குப் போயின.

அந்தத் தீர்ப்பின் தடம் இந்தப் படத்தின் பிரதிகளில் இருக்கிறது. விளம்பரங்களோடு ஒரு மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக ரிபப்ளிக்கின் கௌபாய் படங்கள் சுமார் 54 நிமிடமாக வெட்டப்பட்டன. பல பத்தாண்டுகள் பார்வையாளர்கள் கண்டது அந்தக் குறைப் பிரதிகளைத்தான். 2009இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் ‘அண்டர் வெஸ்டர்ன் ஸ்டார்ஸ்’ படத்தைத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தது. புதிதாகப் பார்க்க விரும்புவோர் ஓடும் நேரத்தை முதலில் சரிபார்த்து, 65 நிமிடப் பிரதியைத் தேடி எடுப்பது நல்லது.